ஷின்சானுக்கு வயதாகிவிட்டதா?



எங்கள் மலையில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குழந்தைகளை வெளியே விட்டு விளையாடச் சொல்ல முடியாது. தென்மேற்கு மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து வாசலில் நிற்கும். நடுவில் மேகம் வேறு இறங்கிவிடும். எதிர் வீட்டுக் கூரை கூடத் தெரியாது. துவைத்துப் போட்ட ஸ்வெட்டர் மூன்று நாளானாலும் காயாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை என்னதான் செய்யும்? டிவி முன்னால் உட்காரும். டிவியில் யார் இருப்பான்? ஷின்சான் இருப்பான்!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி டவுன் வீடுகளிலும் சரி, எஸ்டேட் லைன் வீடுகளிலும் சரி, இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரல் கேட்காத சாயங்காலம் அபூர்வம். டிவி இல்லாவிட்டால் போனில் பேசுகிறான். அவனைப் பற்றிய வழக்கு ஒன்று பல நாளாக என்னிடம் நிலுவையில் இருக்கிறது. "முன்னே மாதிரி ஷின்சான் இல்லை, தரம் குறைஞ்சு போச்சு" என்பதுதான் வழக்கு.

வழக்குப் போட்டவர்கள் குழந்தைகள் அல்ல, குழந்தைகளைப் பெற்ற இளம் தாய்மார்கள்! "அக்கா, நாங்க ஸ்கூல் படிக்கிறப்போ பார்த்தோமே, அதுதான் ஷின்சான். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். இப்ப என்னவோ சப்புன்னு இருக்கு" என்கிறார்கள். மாமியார்மார்களைக் கேட்டால், "தரம் இருந்தாத்தானே குறையறதுக்கு? அன்னிக்கும் அவன் வாயாடிப் பயல்தான், இன்னிக்கும் வாயாடிப் பயல்தான்" என்று ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். குழந்தைகளோ எது பழசு, எது புதுசு என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்வதற்கு முன், பையனின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பெரியவர்களுக்குப் பிறந்த பிள்ளை

ஷின்சான் குழந்தைகளுக்காகப் பிறந்தவனே அல்ல. 1990-ஆம் ஆண்டு ஜப்பானில் 'வீக்லி மங்கா ஆக்‌ஷன்' என்ற வாரப் பத்திரிகையில் யோஷிதோ உசுயி என்ற ஓவியர் அவனை வரைய ஆரம்பித்தார். அது சிறுவர் பத்திரிகை அல்ல. வளர்ந்த ஆண்கள் படிக்கும் சித்திரக் கதைப் பத்திரிகை. டோக்கியோவுக்குப் பக்கத்தில் கசுகாபே என்ற ஊர். அங்கே ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பம். ஐந்து வயதுப் பையன், ஆபீசுக்குப் போகும் அப்பா, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, ஒரு வெள்ளை நாய். வீட்டுக் கடன் இன்னும் 32 வருஷம் பாக்கி!

இதில் தமாஷ் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நம் வீடுகளில் நடப்பதுதான். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அரைகுறையாகக் காதில் வாங்கிய பிள்ளை, விருந்தாளி வந்திருக்கும்போது அதை அப்படியே போட்டு உடைப்பது. "இவங்க வந்தா சீக்கிரம் கிளம்ப மாட்டாங்கன்னு சொன்னியேம்மா, இவங்கதானா அது?" என்று கேட்டால் நம் முகம் எப்படிப் போகும்? அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் ஷின்சான். குழந்தைக்கு அது தமாஷ் என்றே தெரியாது; பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

1992 ஏப்ரலில் இது டிவி தொடராக வந்தது. எடுத்தவர்கள் ஷின்-எய் நிறுவனத்தார். நம் குழந்தைகளின் இன்னொரு செல்லமான டோரேமானையும் அவர்கள்தாம் எடுக்கிறார்கள். பெரியவர்களுக்காகப் போட்ட கோலத்தில் குழந்தைகள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஜப்பானியத் தாய்மார்கள் விடுவார்களா? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நடத்தும் ஆய்வுகளில், பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று பெற்றோர் சொல்லும் நிகழ்ச்சிகளின் பட்டியலில் ஷின்சானின் பெயர் அடிக்கடி இடம் பிடித்தது.

இங்கே ஹங்காமா சேனல் வழியாக 2006-ல் வந்தான். வந்த இரண்டே வருஷத்தில், 2008-ல், பெற்றோரின் புகார்களால் ஒளிபரப்பு நின்றது. 2009-ல் பல இடங்களில் கத்தரி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே மாமியார்மார்கள் சொல்வதில் பாதி வாஸ்தவம். அவன் எப்போதும் வாயாடிதான். மருமகள்கள் சொல்வதிலும் வாஸ்தவம் இருக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

எங்கே ருசி குறைந்தது?

முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பையனுக்கு ஐந்து வயதாகவே இருந்தால் என்ன ஆகும்? முதல் தடவை அவன் கால்சட்டையைக் கழற்றிக்கொண்டு ஆடியபோது ஊரே திடுக்கிட்டது. ஆயிரமாவது தடவை யார் திடுக்கிடுவார்கள்? எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், ஒரே தேயிலையில் மூன்றாம் தடவை வெந்நீர் ஊற்றினால் நிறம் வரும், மணம் வராது. நம் மெகா சீரியல்களைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம், படைத்தவர் போய்விட்டார். 2009 செப்டம்பரில் அராஃபுனே என்ற மலையில் ஏறப் போன உசுயி, அங்கிருந்து தவறி விழுந்து இறந்தார். வயது 51. அவரிடம் வேலை பார்த்தவர்கள் 2010 முதல் புதிய தலைப்பில் சித்திரக் கதையைத் தொடர்ந்து வரைகிறார்கள். மாமியாரின் கைப்பக்குவத்தை மருமகள் காப்பாற்றுகிற மாதிரிதான் இது. அளவு தப்பாது, ஆனால் துணிந்து ஒரு பிடி மிளகாய் கூடப் போடக் கை வராது. சொந்தக்காரர் தம் பிள்ளையைத் திட்டலாம், அடித்துத் திருத்தி எழுதலாம். காப்பாற்ற வந்தவர்களுக்கு அந்த உரிமை இருப்பதில்லை.

மூன்றாவது, குரல்கள். ஜப்பானில் ஷின்சானுக்கு முதல் நாளிலிருந்து குரல் கொடுத்தவர் அகிகோ யாஜிமா என்ற பெண்மணி. 26 வருஷம் கொடுத்துவிட்டு 2018-ல் தாமாகவே விலகிக்கொண்டார். குரலை அதே மாதிரி வைத்துக்கொள்வதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது, இயல்பாக நடிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார். தரம் குறைவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அப்பாவுக்குப் பேசிய கெய்ஜி புஜிவாராவும் 2020-ல் காலமாகிவிட்டார்.

நான்காவது காரணம்தான் பெரியது. பார்க்கிறவர்கள் குழந்தைகள் என்று ஆகிவிட்ட பிறகு, முரட்டு விஷயங்களை வருஷா வருஷம் மழுக்கிக்கொண்டே வந்தார்கள். அம்மணக் கூத்து குறைந்தது. அம்மாவின் குட்டு குறைந்தது. 1996-ல் ஹிமாவாரி என்ற தங்கச்சிப் பாப்பாவும் குடும்பத்துக்கு வந்துவிட்டாள். பையன் அண்ணன் ஆகிவிட்டான். குடும்பப் பாசம் கூடியது, காரம் குறைந்தது. கசுகாபே ஊராரே இன்று அவனைத் தங்கள் ஊரின் செல்லப் பிள்ளையாக்கிப் பெருமைப்படுகிறார்கள். செல்லப் பிள்ளையாகிவிட்டவன் யாரைக் கடிப்பான், சொல்லுங்கள்?

இது ஷின்சானுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 'தி சிம்ப்ஸன்ஸ்' என்ற பெரியவர்களுக்கான கார்ட்டூன் 1989 டிசம்பரில் தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. "முதல் பத்து வருஷம் மாதிரி வராது" என்ற புலம்பலும் கூடவே பல வருஷங்களாக ஓடுகிறது. ஜப்பானிலேயே 'சசாயே-சான்' என்று ஒரு குடும்பத் தலைவியின் கதை, 1969 அக்டோபர் முதல் வாராவாரம் ஞாயிறு மாலையில் வருகிறது. மச்சிகோ ஹசெகாவா என்ற பெண் படைத்தது. அதைப் பற்றி யாரும் இப்படி அங்கலாய்ப்பதில்லை. காரணம், அது முதல் நாளிலிருந்தே ரசம் சாதம். பிரியாணி என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடியும் குத்தலுமாகத் தொடங்கிய நகைச்சுவைதான் வயதானால் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிறது.

பழைய வாசனை

"அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது" என்பதற்கு ஷின்சானே ஒரு பதில் சொல்லியிருக்கிறான். 2001-ல் கெய்ச்சி ஹாரா இயக்கத்தில் ஒரு ஷின்சான் திரைப்படம் வந்தது. அதில் ஒரு கூட்டம், பெரியவர்களுக்கெல்லாம் பழைய காலத்தின் வாசனையைக் காட்டி மயக்குகிறது. அப்பாக்களும் அம்மாக்களும் வீடு வாசல், பெற்ற பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளாகி விளையாடப் போய்விடுகிறார்கள். குழந்தைகள் அனாதையாக நிற்கிறார்கள்.

அப்பாவை ஷின்சான் எப்படி மீட்கிறான் தெரியுமா? அப்பாவின் நாற்றம் பிடித்த ஷூவை எடுத்து அவர் மூக்கில் வைக்கிறான்! அந்த நாற்றத்தில் அவருக்குத் தம் வாழ்க்கை முழுதும் ஞாபகம் வருகிறது. சிறுவனாகத் தம் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனது, ஊரை விட்டுப் பட்டணத்துக்கு வந்தது, வேலை, கல்யாணம், பிள்ளை பிறந்தது, களைத்துப்போய் வீடு திரும்பிய நாட்கள். அவர் தேம்பி அழுகிறார். வருஷக்கணக்காகக் கேலிக்காகவே பயன்பட்ட அந்தக் கால் நாற்றம், ஒரு மனிதரின் உழைப்பாக மாறிவிடும் இடம் அது. தொடர் ஆரம்பித்து ஒன்பது வருஷம் கழித்து வந்த படம் இது. ஆகையால், பழசானாலே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிட முடியாது. மனசு வைத்து எழுத ஒருவர் இருந்தால் பழைய தமாஷிலிருந்தும் புதிதாக ஒன்று பிறக்கும்.

2025-ல் வந்த திரைப்படத்தில் ஷின்சானும் தோழர்களும் இந்தியாவுக்கே வந்துவிட்டார்கள். ஆட்டம் பாட்டமெல்லாம் உண்டு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த ஷூவைப் போல நெஞ்சில் நிற்கும் ஒரு பொருள் அதில் எனக்கு அகப்படவில்லை.

உட்காரும் இடம் மாறிவிட்டது

இப்போது இளம் தாய்மார்களிடம் ஒரு கேள்வி. ஷின்சானின் அம்மாவுக்கு வயது என்ன தெரியுமா? 29! ஜப்பானில் அவள் பெயர் மிசாயே, நமக்கு மிட்ஸி. 2006-ல் ஒன்பது, பத்து வயதுச் சிறுமியாக நீங்கள் அவனைப் பார்த்துச் சிரித்தபோது பையன் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். இன்று உங்களுக்கு மிட்ஸியின் வயது. உங்கள் மடியிலும் ஒரு பாப்பா, கையிலும் ஒரு வாண்டு. அவன் அம்மாவைக் "குண்டு" என்று கேலி செய்யும்போது உங்களுக்குச் சிரிப்பு வராததற்குக் கதை எழுதியவர்கள் மட்டுமா காரணம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரின் மனைவி. இரண்டாவது பிரசவம் ஆகி நாலு மாதம். மூத்தவனுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு வந்த உறவினர் முன்னால் அவன் அம்மாவைப் பார்த்து, "குண்டம்மா வர்றா, வழி விடுங்க" என்று ஷின்சான் குரலில் இழுத்துச் சொல்லியிருக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பால் கொடுக்கிற தாய்! மூன்றாவது வாரம் தண்ணீர்க் குடத்தோடு படியில் தலை சுற்றி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க அக்கா. அவரும் சிரிச்சார்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதாவது வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. அவளோ இருந்த வேளையையும் குறைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் மிட்ஸியைக் கவனியுங்கள். அவளும் பட்டினி கிடந்து இளைக்கப் போகிறேன் என்று காலையில் சபதம் போடுவாள். மத்தியானத்துக்குள் தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் சாய்ந்துவிடுவாள். தள்ளுபடி விற்பனை என்றால் பறப்பாள். நாம் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைப்பதைப் போல அவளும் கணவனுக்குத் தெரியாமல் பணம் சேர்ப்பாள். மலச்சிக்கலில் அவதிப்படுவாள். கோபம் வந்தால் கத்துவாள். கேலி செய்தவனைச் சும்மா விட்டதே இல்லை. உசுயி அவளைத் தெய்வமாகவும் வரையவில்லை, வாயில்லாப் பூச்சியாகவும் வரையவில்லை. பையன் ஒரு சொல் சொன்னால் அவளிடமிருந்து ஒரு பதில் உண்டு என்பதுதான் அந்தத் தமாஷின் தராசு.

குழந்தையை அடிப்பதைக் காட்டக் கூடாது என்று குட்டைக் குறைத்தார்கள். அது சரியான காரியம். குழந்தையை அடிப்பதை நானும் ஒப்பமாட்டேன். ஆனால் குட்டுக்குப் பதிலாக அம்மாவுக்கு வேறு நல்ல பதில் எழுதிக் கொடுக்க வேண்டாமா? பல கதைகளில் கேலி அப்படியே நிற்கிறது; பதில்தான் காணாமல் போய்விட்டது. தரம் குறைந்துவிட்டது என்றால் அது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். சிரிப்பு குறைந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் பேசுகிற சிரிப்பைப் பொறுக்க முடியாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

டிவியை உடைக்கச் சொல்ல மாட்டேன். மழை மாதத்தில் அடுப்படி வேலை முடிய அரை மணி நேரம் வேண்டும் என்ற உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். சில யோசனைகள் மட்டும்.

நேரத்துக்கு அளவு வையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிவியும் போனும் வேண்டவே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெரியவர் துணையோடு என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் போனில் முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் எப்போதாவது அனுமதிக்கலாம்.

சோறு ஊட்டும்போது ஷின்சான் வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்குகிற பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது. அவனுக்குக் குடைமிளகாய் பிடிக்காது என்பதால் நம் வாண்டுகளும் தட்டை ஒதுக்குகின்றன. எங்கள் மலையில் விளையும் குடைமிளகாயை வட்ட வட்டமாக நறுக்கி நடுவில் உருளைக்கிழங்கு மசியலை அடைத்துத் தோசைக் கல்லில் சுட்டுக் கொடுங்கள். "ஷின்சானால முடியாதது உன்னால முடியுதே!" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

வாரத்தில் ஒரு நாளாவது பட்டாணி உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "அவன் சொன்னதும் அம்மா முகம் எப்படிப் போச்சு, பார்த்தியா?" என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தக் கேள்வி புரியும்.

பிள்ளை உங்கள் உருவத்தைக் கேலி செய்தால் அடிக்காதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, "இப்படிச் சொன்னா அம்மாவுக்கு வலிக்குது. தங்கச்சி இந்த வயித்துலதான் இருந்தா. இனிமே சொல்லக் கூடாது" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மறுபடி சொன்னால் மறுபடி சொல்லுங்கள்.

முக்கியமாக, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பிள்ளைக்குக் கற்றுக் கொடுப்பது டிவியைவிட நம் சிரிப்புதான். யாரும் சிரிக்காத கேலியை எந்தக் குழந்தையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை. "அத்தை, அவன் என்னைக் குண்டுன்னு சொல்றப்ப நீங்க சிரிச்சா அவனுக்கு அது சரின்னு ஆயிடும்" என்று மெதுவாகச் சொன்னால் எந்த மாமியாரும் கேட்டுக்கொள்வார். கணவரிடம் இவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டியதில்லை!

அப்புறம், பிரசவம் ஆன உடம்பு இளைக்க வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு நிதானமாகச் செய்யலாம். ராத்திரிப் பட்டினி வேண்டாம். தலை சுற்றல், படபடப்பு இருந்தால் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். மத்தியானத்தில் மிட்ஸியைப் போல அரை மணி நேரம் காலை நீட்டிப் படுப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பழைய ஷின்சான் நல்லவனா, புதியவனா என்று உங்கள் வீட்டிலும் பட்டிமன்றம் நடக்கட்டும். மிட்ஸியின் கட்சிக்குப் பேசவும் ஒருவரை உட்கார வையுங்கள். உங்கள் மூத்த பிள்ளையையே உட்கார வைத்துப் பாருங்களேன். அவன் என்ன பேசினான் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.